கொள்ளு காட்டிக் கொடுக்கும் இரத்த வகை

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் கொள்ளு ரசத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனால், சளிக்கு மருந்தாகும் அதே கொள்ளுக்கு இரத்தப் பரிசோதனைக் கூடத்திலும் ஒரு வேலை உண்டு என்பது பலர் அறியாத செய்தி.

பச்சைக் கொள்ளை அரைத்து உப்புநீரில் ஊறவைத்து, தெளிந்த சாற்றை 'ஏ' வகைச் சிவப்பணுக்களோடு கலந்தால், அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். 'பி', 'ஓ' வகைகளில் அப்படி நடப்பதில்லை. இந்தியாவில் பணியாற்றிய மருத்துவர் ஜி. டபிள்யூ. ஜி. பேர்ட் 1951-இல் இதை உலகுக்கு அறிவித்தார்.

இதற்குக் காரணம் என்ன? ஒவ்வொரு சிவப்பணுவின் மேலுறையிலும் சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. 'ஏ', 'பி', 'ஓ' என்ற வேறுபாடே அச்சங்கிலிகளின் நுனியில் எந்தச் சர்க்கரை இருக்கிறது என்பதுதான். கொள்ளில் உள்ள 'லெக்டின்' என்ற புரதம் 'ஏ' வகையின் நுனிச் சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும். அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட கைகள் உண்டு. ஒரு கையால் ஓர் அணுவையும் மறு கையால் இன்னோர் அணுவையும் பிடிப்பதால் அணுக்கள் திரள்கின்றன. மேலுறை கிழிவதில்லை. காயத்தில் இரத்தம் உறைவதும் இதுவும் ஒன்றல்ல.

'ஏ' வகையிலும் ஏ1, ஏ2 என உட்பிரிவுகள் உண்டு. ஏ2 அணுக்களில் அந்தச் சர்க்கரை குறைவு. எனவே அளவாக நீர்த்த கொள்ளுச் சாறு ஏ1 அணுக்களை மட்டுமே திரட்டும். ஏ2 பிரிவினர் சிலரின் இரத்தத்தில் ஏ1 அணுக்களை எதிர்க்கும் பொருள் இருக்கும். இரத்தம் ஏற்றுமுன் பொருத்தம் பார்க்கையில் இது குழப்பத்தை உண்டாக்கும். நோயாளி எந்தப் பிரிவு என்று அப்போது காட்டிக் கொடுப்பது இந்த லெக்டின்தான்.

அப்படியானால் கொள்ளு சாப்பிட்டால் இரத்தம் கட்டிக்கொள்ளுமா? அந்தப் பயம் வேண்டாம். நன்றாகக் கொதிக்க வைத்தால் லெக்டின் செயலிழந்துவிடும். எச்சரிக்கை தேவைப்படுவது அரைவேக்காட்டுச் சமையலில்தான். குறிப்பாக, சிவப்பு ராஜ்மா பயறு சரியாக வேகாவிட்டால் அதிலுள்ள லெக்டின் குடலைத் தாக்கி, சில மணி நேரத்தில் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். அதை ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் அரைமணி நேரம் தளதளவெனக் கொதிக்க வைப்பது நல்லது. மிதமான சூட்டில் மெதுவாக வேகவைக்கும் மின்சாரப் பானையை மட்டும் இதற்கு நம்பக்கூடாது.

பரிசோதனைக் குழாயில் உதவும் பொருள் தட்டில் பச்சையாக வந்தால் தொல்லை. இரண்டுக்கும் இடையில் நிற்பது அடுப்பின் கொதிநிலைதான்.