தொட்டியும் நிலமும்

செடிகொடிகளுக்கு நிலமே தாய். எனினும், வீட்டைச் சூழ வெற்றிடம் இல்லாதார் துளசியையும் மல்லிகையையும் தொட்டியில் வைத்து வளர்த்தல் பெருவழக்காயிற்று. இவ்விரு வகையிலும் செடியின் வாழ்வு எவ்வாறு வேறுபடுகின்றது என அறிந்தவரே அதனைப் பிழையின்றிப் பேண வல்லவர்.

நிலத்தில் நிற்கும் செடியின் வேர், நீரை நாடி ஆழவும் அகலவும் செல்லும். கோடையில் மேல்மண் உலர்ந்தாலும் அடிமண்ணில் ஈரம் இருக்கும். உதிர்ந்த சருகு மட்கி உரமாகும். மண்புழுக்கள் மண்ணைத் துளைத்துக் காற்றுக்கு வழி செய்யும். ஆதலின், நன்கு வேரூன்றிய செடி ஒருநாள் நீர் பெறாவிடினும் வாடுவதில்லை.

தொட்டிச் செடியின் நிலை அன்னதன்று. அதற்கு உரியது ஒரு பிடி மண்ணே. சுட்ட மண் தொட்டியின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாகும். பானை நீரைக் குளிர்விக்கும் அச்செயலே தொட்டி மண்ணையும் குளிர்விக்கும். விரைவில் உலர்த்தவும் செய்யும். நாள்தோறும் ஊற்றும் நீரில் சத்துகள் கரைந்து அடித்துளை வழியே வெளியேறும். எனவே, உரத்தைச் சிறிது சிறிதாக, அடிக்கடி இடல் வேண்டும்.

நீர் வடிதற்பொருட்டுத் தொட்டியின் அடியில் சரளைக்கல் பரப்புவர் பலர். அதனால் பயன் இல்லை. நுண்மண்ணில் தங்கிய நீர், கற்களின் பெரிய இடைவெளிக்குள் எளிதில் இறங்காது. மேல்மண் நீரால் நிறைந்த பின்னரே இறங்கும். அதனால் சேறு வேரை நெருங்குமேயன்றி விலகாது. துளையின்மேல் ஓர் ஓட்டுத்துண்டு வைத்தலே போதும்.

தொட்டிக்கும் சிறப்புகள் உள. வெயிலுக்கும் நிழலுக்கும் ஏற்ப அதனை இடம் மாற்றலாம். செடிக்கு ஏற்ற மண்ணைக் கலந்து நிரப்பலாம். அறிவியலுக்கும் அது துணை புரிந்தது. பிரஸ்ஸல்ஸ் நகரினரான வான் ஹெல்மான்ட் என்பார், 200 பவுண்டு உலர்மண் இட்ட தொட்டியில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, நீர் மட்டுமே ஊற்றி வளர்த்தார். 5 ஆண்டுகளில் மரம் ஏறத்தாழ 169 பவுண்டு ஆயிற்று. மண்ணோ 2 அவுன்சு அளவே குறைந்தது. 1648-இல் இச்செய்தி நூலாக வெளிவந்தது. மரம் நீரினாலேயே ஆனது என அவர் கருதினார். காற்றிலுள்ள கரியமில வாயுவும் மரத்தின் உடலாகின்றது என்பது பின்னரே விளங்கிற்று. நிலத்து மண்ணை இவ்வாறு நிறுத்தல் இயலுமோ?

தொட்டியிலோ பையிலோ நெடுநாள் இருந்த மரக்கன்றை நிலத்தில் நடுங்கால் விழிப்பு வேண்டும். சுவரில் முட்டிய வேர் வட்டமாகச் சுற்றிக்கொள்ளும். அதனை அவ்வாறே நட்டால், வேர்கள் சுற்றியபடியே பருத்துப் பல ஆண்டுகளுக்குப் பின் அடிமரத்தை நெரிக்கும். வெளிப்பார்வைக்குச் செழித்த மரமும் ஊன்றுகோல் இன்றிப் பெருங்காற்றில் சாயும். 2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் வீழ்ந்தன. வீழ்ச்சிக்குக் காரணம் பலவாயினும், வேர் வலிமையே மரத்தின் வலிமை என்பதை அந்நாள் உணர்த்திற்று. ஆகவே, கன்றை இளமையிலேயே நடுக. சுற்றிய வேர்களைப் பிரித்தோ நறுக்கியோ விடுக. அகன்ற குழி தோண்டுக.

நிலத்துச் செடி தன் வேரை நம்பி வாழ்கின்றது. தொட்டிச் செடி வளர்ப்பவரை நம்பி வாழ்கின்றது. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர், தம் தொட்டிச் செடிக்கு நீர் ஊற்ற ஒருவரை அமர்த்திய பின்னரே புறப்படுதல் கடன்.