பிடித்த பிடி விடாத குறடு

முனை மழுங்கிய நட்டைக் கழற்ற முயன்றவர்களுக்கு அந்தத் தொல்லை தெரியும். ஸ்பேனர் வழுக்கும். சாதாரணக் குறடோ, கை சற்றுத் தளர்ந்ததும் பிடியை விட்டுவிடும். அழுத்துவது, திருப்புவது ஆகிய இரண்டையும் ஒரே கை செய்ய வேண்டியிருப்பதே காரணம். அழுத்தும் வேலையை மட்டும் கருவியே ஏற்றுக்கொண்டால்? பட்டறைகளில் 'வைஸ் கிரிப்' என்று வழங்கும் பூட்டுக் குறடு அதைத்தான் செய்கிறது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், டி விட் என்ற சிற்றூரில் கொல்லராயிருந்த வில்லியம் பீட்டர்சன் 1924-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இவர் டென்மார்க்கிலிருந்து குடியேறியவர்.

இதன் சூட்சுமம் கைப்பிடிக்குள் இருக்கிறது. முழங்கைபோல் நடுவில் மடங்கும் இரு தண்டுகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு முனை திருகின்மேல் ஊன்றியிருக்கிறது. மறு முனை கீழ்த்தாடையைத் தள்ளுகிறது. நடு மூட்டை அழுத்தினால் தண்டுகள் நேராகின்றன. தண்டுகள் சம நீளமுள்ளவை, நேர்கோட்டிலிருந்து ஒவ்வொன்றும் θ கோணம் விலகியிருக்கின்றன என்று கொண்டால், முனையில் கிடைக்கும் விசை, நாம் தரும் விசையை 2 tan θ-ஆல் வகுத்ததற்குச் சமம். கோணம் 5 பாகையானால் விசை சுமார் 6 மடங்கு. 1 பாகையானால் சுமார் 29 மடங்கு! மூட்டு நேர்கோட்டைச் சற்றே தாண்டியதும் 'டக்' என்று பூட்டிக்கொள்கிறது. திரும்பி வரவேண்டுமானால் பிடிபட்ட பொருளை அது மேலும் நசுக்கியாக வேண்டும். பொருளின் மீள்தன்மையே காவலாளி!

ஆகவே, திருகைச் சரியாக வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கைப்பிடிகளை மூடியபடி தாடைகள் பொருளை இலேசாகத் தொடுமாறு அமையுங்கள். பிறகு திறந்து, திருகைச் சிறிது உள்ளே முடுக்கிப் பூட்டுங்கள். பலமெல்லாம் திரட்டினால்தான் பூட்டுகிறது என்றால் திருகு அதிகம்; மெல்லிய குழாயானால் நசுங்கியே போகும்.

இனி, எந்த வேலைக்கு எது? உருண்டைக் கம்பி, குழாய், மழுங்கிய நட்டு ஆகியவற்றுக்கு வளைந்த தாடை ஏற்றது. அது பொருளைப் பல இடங்களில் தொட்டுப் பற்றுகிறது. தட்டையான பட்டைக்கு நேர்த்தாடை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: தாடை ஓர் அச்சில் சுழல்வதால், இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்பது ஒரே ஓர் அகலத்தில்தான். தடித்த தகட்டைப் பிடித்தால் தாடைகள் V போல விரிந்து, உட்பக்கம் மட்டுமே தொடும். வெல்டிங்கில் இரு தகடுகளைச் சேர்த்துப் பிடிக்க C வடிவத் தாடையுள்ளதே நல்லது. நீள்மூக்குக் குறடு இடுக்கில் நுழையும்; ஆயினும் நுனி அச்சிலிருந்து தொலைவில் இருப்பதால் பிடி குறைவு. நெம்புகோல் விதிதான்.

அளவிலும் அதே கணக்கு. 10 அங்குலக் குறடால் திருப்புவதை 5 அங்குலக் குறடால் திருப்ப ஏறக்குறைய இருமடங்கு விசை வேண்டும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 10 அங்குல வளைதாடையையே வாங்கச் சொல்வேன்.

நல்ல நட்டின்மேல் இதை வைக்கவே கூடாது. தாடையின் பற்கள் முனைகளைக் கடித்துக் கெடுத்துவிடும். அதற்கு ஸ்பேனர் இருக்கிறது. பித்தளைக் குழாயிலும் முலாம் பூசிய பரப்பிலும் பல் தடம் விழும். பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிப் பிடிக்கலாம். ஆனால் ரப்பர் அழுத்தத்துக்கு மெல்ல இடங்கொடுத்துவிடும். இடையிடையே பிடியைச் சோதித்துத் திருகை முடுக்கிக்கொள்ள வேண்டும்.