உட்கருவின் இடையகமும் தமிழ் எழுத்தெண்ணிக்கையும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டச் சித்தூர்ப் பகுதியிலும், இடுக்கி மாவட்டத் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளிலும் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்குகின்றன. தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ளக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் (1969) இடமளிக்கிறது. எனவே ஒரே பெயர் இருவகை எழுத்திலும் கணிப்பொறிக்குள் செல்லும் தேவை இங்கு உண்டு. அப்பெயர் உள்வாங்கப்படும் முறையை லினக்ஸ் இயக்க அமைப்பைக் கொண்டு காணலாம்.

இயக்க அமைப்பின் மையப் பகுதி உட்கரு (கெர்னல்) எனப்படும். சாதனம் தரும் தரவு முதலில் உட்கருவின் நினைவகத்திலுள்ள இடையகத்தில் (பஃபர்) தங்குகிறது. பயன்பாட்டு நிரல் அதனை நேரடியாகத் தொட இயலாது. இத்தனை பைட்டு வேண்டும் என உட்கருவைக் கேட்கிறது. உட்கரு அவ்வளவிற்கு மிகாமல் படியெடுத்து வழங்குகிறது. முனையத்தில் உள்ளிட்ட வரியாயின், எஞ்சியவை அடுத்த கேட்புவரை இடையகத்திலேயே இருக்கும். இங்கு அளவுகோல் பைட்டே, எழுத்தன்று.

யூடிஎஃப்-8 முறையில் இவ்விரு மொழிகளின் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு கொள்ளும். 'முருகன்' என்பது மரபிலக்கணப்படி 4 எழுத்து. யூனிகோடிலோ ம, உகரக்குறி, ர, உகரக்குறி, க, ன, புள்ளி என 7 குறியீடு. அதாவது 21 பைட்டு. மலையாளத்தில் இப்பெயரின் ஈறு சில்லெழுத்தாகும். 2008இல் வெளிவந்த யூனிகோடு 5.1 சில்லெழுத்துகளுக்குத் தனிக் குறியீடு வழங்கியதால், அங்கு இப்பெயர் 6 குறியீடு, 18 பைட்டு. முந்தைய முறையில் அது 24 பைட்டு.

18 பைட்டு மட்டும் கேட்டு அதனையே முழுப் பெயராகக் கொள்ளும் நிரல், மலையாள வடிவத்தைப் பிழையின்றிப் பெறும். தமிழ் வடிவம் 'முருகன' என நிற்கும். 20 பைட்டு கேட்டிருப்பின் அரைகுறைக் குறியீடு பிழையைக் காட்டிக்கொடுக்கும். 18இல் அவ்வடையாளமும் இல்லை. தொல்காப்பியம் புள்ளியை மெய்யின் இயல்பாகக் கொள்கிறது. யூனிகோடு அகரமேறிய வடிவை அடிப்படையாக்கிப் புள்ளியைப் பின்னர்ச் சேர்க்கிறது. இம்முரணே இழப்பிற்குக் காரணம்.

அழிப்பு விசையிலும் இதனைக் காணலாம். லினக்ஸ் 2.6.4 (2004) முதல், உரிய அமைப்பு இயக்கப்பட்டிருந்தால், முனையத்தின் வரியில் உட்கரு ஒரு பைட்டை அன்றி ஒரு முழுக் குறியீட்டை நீக்குகிறது. ஆயினும் 'ன்' என்பதில் முதலில் நீங்குவது புள்ளி மட்டுமே.

ஆகவே 'கேரக்டர்' என்பதை எங்கும் 'எழுத்து' எனப் பெயர்த்தல் பொருந்தாது. பைட்டு, குறியீடு, எழுத்து ஆகிய மூன்றையும் மொழிபெயர்ப்பாளர் வேறுபடுத்த வேண்டும். '20 எழுத்துகள் வரை' என்னும் கையேட்டுத் தொடர் உண்மையில் 20 பைட்டைக் குறிக்குமாயின், 4 எழுத்துப் பெயரும் அதனுள் அடங்காது.