சிக்லிட் மீன்களின் இல்லறம்

சந்தைக் கூடையில் கிடக்கும் ஜிலேபி மீனை அலட்சியமாகத் தாண்டிச் செல்லும் ஒருவர், அதே கடைத்தெருவின் கோடியில் வர்ண மீன் கடையின் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் மெய்மறந்து நிற்பாராயின், தாம் அலட்சியம் செய்ததும் இப்போது வியந்து நிற்பதும் ஒரே குடும்பம்தான் என்று எவரேனும் சொன்னால் எளிதில் நம்பமாட்டார். ஆனால் உண்மை அதுவே. செங்குத்தாக விரிந்த துடுப்புகளையுடைய ஏஞ்சல், தட்டையாய் வட்ட வடிவான டிஸ்கஸ், வளர்ப்பவர் கையிலிருந்தே தீனி வாங்கித் தின்னும் ஆஸ்கார், நெற்றி புடைத்த ஃபிளவர்ஹார்ன், ஆப்பிரிக்க ஏரிகளின் மஞ்சளும் நீலமுமான சிறு மீன்கள் ஆகிய யாவும், ஜிலேபியோடு சேர்ந்து, சிக்லிட் என்ற பெருங்குடும்பத்தின் கிளைகளாம். ஆப்பிரிக்கா, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா, மடகாஸ்கர், தென்னிந்தியா, இலங்கை என்று பரந்து கிடக்கும் இக்குடும்பத்தில் இதுவரை பெயரிடப்பட்ட இனங்களே 1,600-க்கு மேல் உள்ளன.

இவற்றின் அழகில் ஆசை வைத்து வாங்கிச் சென்றவர்களில் பலர், சில வாரங்களுக்குள் நிறம் மங்கிவிட்டது என்றும், ஒன்றையொன்று கடித்துக் குதறிவிட்டன என்றும் குறைப்படுவதுண்டு. வர்ணம் என்பது நம் கண்ணுக்கு விருந்தாகப் பூசப்பட்ட அலங்காரம் என்று கருதிவிடுவதால் நேரும் ஏமாற்றம் இது. சிக்லிட்டின் வர்ணம் அதன் இல்லறத்தோடு பிறந்தது. இடம் பிடிக்கவும், எதிரியை எச்சரிக்கவும், துணையை அழைக்கவும் அந்த மீனுக்கு வாய்த்திருக்கும் பாஷை அதுதான். ஆகவே அந்த இல்லறத்துக்கு வேண்டிய ஜலமும் கல்லும் சகவாசமும் அமைத்துக் கொடுப்பவருக்கே வர்ணமும் கிட்டுகிறது, சந்ததியும் கிட்டுகிறது.

கிழக்கு ஆப்பிரிக்காவில், மலாவி, மொசாம்பிக், டான்சானியா ஆகிய மூன்று நாடுகளுக்கு நடுவே, 550 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, ஆழமான இடத்தில் சுமார் 700 மீட்டர் வரை இறங்கும் மலாவி ஏரி, இந்த உண்மையைக் கற்பதற்கு ஏற்ற பள்ளிக்கூடம். அதன் தெளிந்த ஜலத்தில், பாறைகள் குவிந்த கரையோரங்களில், அவ்வூரார் இம்புனா என்றழைக்கும் சிறு சிக்லிட்டுகள் வாழ்கின்றன. ஒரு பாறைக் கூட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே மணல்வெளி குறுக்கிடுவதாலும், அதைக் கடக்க இம்மீன்கள் துணியாததாலும், ஒவ்வொரு கரையிலும் தனித்தனி நிறம் கொண்ட வகைகள் தோன்றிவிட்டன. இந்த விசித்திரச் செல்வத்தைக் காப்பதற்காகவே ஏரியின் தென்பகுதியில் அமைந்த தேசியப் பூங்காவை 1984-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

அதே கிழக்கு ஆப்பிரிக்காவில் பரவிய விக்டோரியா ஏரியின் கதை வேறு விதமானது. அங்கே பெண் மீன்கள் ஆணின் நிறத்தைப் பார்த்தே தம் இனத்தைத் தெரிந்தெடுக்கின்றன என்பதையும், மாசு மிகுந்து நீர் கலங்கிய இடங்களில் நிறம் புலப்படாமல் போகவே, ஆண்களின் வர்ணமும் மங்கி, இனங்களும் ஒன்றோடொன்று கலந்து குறைந்தன என்பதையும் ஓலே சீஹவுசன் முதலிய ஆய்வாளர்கள் 1997-ல் எடுத்துக் காட்டினர். நீர் தெளிவாயிருப்பது இம்மீன்களுக்கு வம்சம் தழைப்பதற்கான நிபந்தனையாகவே இருக்கிறது.

வீட்டில் முதன்முதலாகச் சிக்லிட் வளர்க்க உத்தேசிப்பவர்களுக்கு, கடைக்காரர்கள் எலக்ட்ரிக் எல்லோ என்று சொல்லும் மஞ்சள் லேபிடோக்ரோமிஸ் மிகப் பொருத்தமானது. மலாவி ஏரியைச் சேர்ந்த இது நாலு அங்குல அளவிலேயே நின்றுவிடும். எலுமிச்சை மஞ்சள் உடலும், முதுகுத் துடுப்பில் ஓடும் கறுப்புக் கோடும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானவை. தன் சுற்றத்தாரோடு ஒப்பிட்டால் சாது என்றே சொல்ல வேண்டும். குஞ்சுப் பருவத்தில் ஆண் பெண் பேதம் தெரியாதாகையால், எட்டுப் பத்துக் குஞ்சுகளை ஒரே சமயத்தில் வாங்கி ஒன்றாக வளர விடுவதும், வளர்ந்தபின் ஓர் ஆணுக்கு மூன்று பெண்ணாவது இருக்கும்படி மற்ற ஆண்களை அகற்றிவிடுவதும் அநுபவசாலிகளின் வழக்கம். ஒரே பெண்ணை வைத்தால், ஆணின் துரத்தல் முழுவதையும் அவள் ஒருத்தியே தாங்க வேண்டியிருக்கும்.

தொட்டி நாலடி நீளமும், ஒன்றரையடி அகலமும், ஒன்றரையடி உயரமும் உடையதாயின் 250 லிட்டர் கொள்ளும். கல்லும் கண்ணாடியும் சேர்ந்தால் முந்நூறு கிலோவைத் தாண்டிவிடும் பாரத்தை ஏந்தத்தக்க இரும்பு ஸ்டாண்டு அதற்கு அவசியம். கற்களை மணலின் மேல் அடுக்குவது பெரும் பிசகு. சிக்லிட் மணலை வாயால் அள்ளி அள்ளிக் குழி தோண்டும் சுபாவமுடையதாகையால், அடியில் மணல் நழுவிக் கல் சரிந்து கண்ணாடியையே உடைத்துவிடும். ஆதலால் தொட்டியின் அடியில் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டு, அதன்மேல் கற்களை அசையாமல் நிறுத்தி, பிறகே மணலைப் பரப்ப வேண்டும். இடுக்குகளும் குகைகளும் எவ்வளவு மிகுதியோ, அவ்வளவு சண்டை குறையும். புதிய மீனைப் பிற்பாடு சேர்க்க நேர்ந்தால், அன்றைக்குக் கற்களை எடுத்து வேறு விதமாக அடுக்கிவிடுவது நல்ல உபாயம். பழைய எல்லைகள் அழிந்து போகவே, எல்லாரும் குடியேற்றத்தைப் புதிதாகத் தொடங்குவார்கள்.

ஜலத்தைப் பற்றிய வரையில், மலாவி ஏரியின் நீர் காரத்தன்மையும் ஓரளவு கடினத்தன்மையும் உடையது. அதன் பி.எச். அளவு 7.7 முதல் 8.6 வரை. நம் ஊர்களில் வாளியின் விளிம்பில் வெள்ளைப் படலமாகப் படிந்து இல்லத்தரசிகளுக்கு எரிச்சலூட்டும் ஆழ்குழாய்த் தண்ணீர், உப்புக் கரிப்பு மட்டும் இல்லாதிருந்தால், இம்மீன்களுக்கு உகந்ததாகவே இருக்கும். மென்மையான அமேசான் நீரில் பிறந்த டிஸ்கஸுக்கோ அதே தண்ணீர் தொல்லையாக முடியும். குழாயிலும் லாரியிலும் வரும் நீரில் குளோரின் கலந்திருப்பதால், ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்தோ அதற்குரிய மருந்தைச் சேர்த்தோதான் பயன்படுத்த வேண்டும். சமவெளியில் ஹீட்டருக்குப் பெரும்பாலும் வேலையில்லை. சித்திரை வைகாசி வெயிலில் நீர் சூடேறிப் பிராணவாயு குறைவதே இங்குள்ள அபாயம். காற்றுக் குமிழியைக் கூட்டி, தொட்டியின் மேல் மின்விசிறிக் காற்று படச் செய்தால் அது தணியும்.

தொட்டியில் நீர் நிரப்பிய அன்றே மீனை விடுவதுதான் ஆரம்பகாலச் சாவுகளுக்கெல்லாம் மூலகாரணம். மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா ஒரு விஷம். ஃபில்ட்டரில் குடியேறும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பின்னர் தீமை குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்த நுண்ணுயிர்க் குடி பெருகி நிலைபெற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். பழைய தொட்டியின் ஃபில்ட்டர் பஞ்சைக் கொஞ்சம் இரவல் பெற்றுப் போட்டால் காலம் சுருங்கும். அதன் பிறகும், வாரம் தவறாமல் நாலிலொரு பங்கு நீரை மாற்றி நைட்ரேட்டை அகற்றி வர வேண்டும்.

ஆகார விஷயத்தில் கருணை காட்டுவதும் கெடுதல். இம்புனாக்களிற் பெரும்பாலானவை பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்று நீண்ட குடல் பெற்றவை. மஞ்சள் மீன் பாசியோடு பூச்சி புழுக்களையும் தின்னும். எனினும் இறைச்சித் துண்டுகளையும் கொழுப்பு மிகுந்த தீனியையும் தொடர்ந்து கொடுத்தால், வயிறு உப்பி மாளும் நோய்க்கு அது வழிகோலும். ஸ்பைருலினா என்னும் பாசி கலந்த தீனியை, இரண்டு நிமிஷத்துக்குள் தின்று தீரும் அளவில் இருவேளை கொடுத்தாற் போதும்.

இவ்வளவும் ஒழுங்காக நடந்து வந்தால், ஒரு நாள் தொட்டியில் ஓர் ஆண் மீனின் அடித்துடுப்புகள் கரியதாகிவிட்டிருப்பதைக் காணலாம். கல்லுக்கருகே மணலை அள்ளி அப்புறப்படுத்தி ஓர் இடத்தைச் சுத்தம் செய்துகொண்டு, அருகில் வரும் பெண்ணின் முன்னே பக்கவாட்டில் நின்று, உடல் முழுவதும் நடுங்கும்படி குலுக்கிக் காட்டுகிறது. பெண் இசைந்தால், இரண்டும் ஒன்றையொன்று சுற்றி வட்டமிடும். பெண் ஒன்றிரண்டு முட்டைகளை இட்டதும், திரும்பி அவற்றை உடனே வாயில் எடுத்துக்கொள்கிறது. முட்டையில் அப்போது உயிர் கூடியிருப்பதில்லை. அடுத்த கணம், ஆணின் பின்துடுப்பில் முட்டை போலவே தோன்றும் மஞ்சள் புள்ளிகளைப் பெண் கௌவ முயலும்போது, ஆண் விடும் விந்து அதன் வாய்க்குள் சென்று கருத்தரிப்பு நிகழ்கிறது. இப்புள்ளிகளின் இரகசியத்தை முதலில் விளக்கியவர் ஜெர்மானிய விஞ்ஞானி வோல்ஃப்காங் விக்லர்; 1962-ல் அவர் வெளியிட்ட கருத்து அது.

அதன்பின் சுமார் மூன்று வாரம், தாய் உண்ணாநோன்பு. கீழ்த்தாடை புடைத்திருக்கும்; எதையோ மெல்லுவது போல வாயை அடிக்கடி அசைத்து, முட்டைகளைப் புரட்டிக்கொண்டேயிருக்கும். நம் குளங்களின் ஜிலேபியும் இவ்வாறே வாயில் குஞ்சு காக்கும் தாய்தான். பொரிந்து ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்து வெளிவரும் குஞ்சுகள் பத்து இருபது இருக்கும். அவற்றைக் காப்பாற்ற விரும்புகிறவர்கள், இரண்டு வாரம் கழிந்தபின் தாயை மெதுவாகப் பிடித்து, பஞ்சு ஃபில்ட்டர் பொருத்திய இரண்டடித் தொட்டிக்கு மாற்ற வேண்டும். குஞ்சுகளுக்குப் பொடித்த தீனியும், புதிதாகப் பொரிந்த ஆர்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றுயிரும் ஆகாரம். பட்டினியால் மெலிந்த தாயைச் சில நாள் தேற்றிய பிறகே பழைய கூட்டத்தில் சேர்க்க வேண்டும். இல்லாவிடில் மற்றவை அதைத் துன்புறுத்தும்.

இத்தனை பத்திரமான வாய்க்கும் வஞ்சகர் உண்டு. ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியிலுள்ள ஒரு புள்ளிக் கெளுத்தி, சிக்லிட் முட்டையிடும் தருணத்தில் ஊடே புகுந்து தன் முட்டைகளையும் சிதறிவிடுகிறது. தாய் பேதமறியாமல் எல்லாவற்றையும் வாயில் அள்ளிக்கொள்ள, முந்திப் பொரிக்கும் கெளுத்திக் குஞ்சுகள் சிக்லிட்டின் பிள்ளைகளை வாய்க்குள்ளேயே தின்று வளர்கின்றன. காக்கைக் கூட்டில் குயில் செய்வதைக் காட்டிலும் கொடிது இது.

எல்லாச் சிக்லிட்டும் வாயில் காப்பதில்லை. ஏஞ்சல் இலையின்மேல் முட்டையிட்டு, தம்பதியர் இருவரும் துடுப்பால் விசிறிக் காக்கின்றனர். டிஸ்கஸ் குஞ்சுகள் பெற்றோரின் மேனியில் ஊறும் வழுவழுப்பையே முதல் ஆகாரமாக உண்கின்றன. அயல்நாட்டு அதிசயங்களைத் தேடுவோர் மறந்துவிடும் ஒன்று, தென்னிந்தியா, இலங்கைக் கழிமுகங்களில் வாழும் ஆரஞ்சு க்ரோமைடு. நம் மண்ணின் இந்தச் சிறு சிக்லிட்டின் குஞ்சுகளும் தாய் தந்தையரின் மேனியைக் கொறித்து வளர்வதுண்டு. கேரளம் 2010-ல் தன் மாநில மீனாக அறிவித்த கரிமீன் இதற்கு நெருங்கிய உறவு.

நன்றாக நடத்தினால் இம்மீன்கள் பெருகிக்கொண்டே போகும் என்பதுதான் கடைசிச் சிக்கல். வெவ்வேறு இம்புனாக்களை ஒரே தொட்டியில் கலந்து வளர்த்தால் அவை கலப்புச் சந்ததி பெறும். அவற்றைத் தூய இனமென்று பிறருக்குக் கொடுப்பது நேர்மையாகாது. மிஞ்சிய மீனை ஊர்க் குளத்தில் விடுவது அதைவிடப் பெரிய தவறு. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி, குளம் குட்டைகளெங்கும் பரவி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டதை நாம் கண்ணாரக் காண்கிறோம். சென்னை கொளத்தூர் போன்ற வர்ண மீன் வியாபார ஸ்தலங்களில் நல்ல குஞ்சுகளை வாங்கிக்கொள்வோர் உண்டு, நண்பர்களும் உண்டு. இவர்களும் கைகொடுக்காத காலத்தில், வாய் நிறையச் சுமக்கும் தாயைப் பிரிக்காமல் பெரிய தொட்டியிலேயே விட்டுவிடலாம். கல்லிடுக்கில் தப்பிப் பிழைக்கும் ஒன்றிரண்டு மட்டும் வளரும். மலாவி ஏரியிலும் இயற்கை போடும் கணக்கு ஏறக்குறைய இதுதான்.