புதுவையில் எங்கே சாப்பிடலாம்?

"கையிலே காசு, வாயிலே தோசை" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். கையில் காசு இருந்தும் வாயில் இட்டது தொண்டையில் இறங்காமல் நின்ற ஓர் அனுபவம் எனக்குண்டு. இக்கட்டுரை அதிலிருந்து பிறந்தது.

சென்ற ஆண்டு கல்வி உதவித்தொகை கைக்கு வந்த வாரம் அது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அந்த மகிழ்ச்சியில் என் தந்தையாரைக் கடற்கரைக்கு அருகே உள்ள ஓர் உணவகத்திற்கு அழைத்துச் சென்றேன். தந்தையார் கொத்தனார். அந்தப் பகுதியின் பழைய பிரெஞ்சு வீடுகளுக்குப் பல ஆண்டுகள் சுண்ணாம்புப் பூச்சு வேலை செய்தவர். ஆயினும் அவ்வீடுகள் உணவகங்களான பிறகு, அவற்றினுள் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டவரல்லர். அட்டையில் இருந்த பெயர்கள் எனக்கும் விளங்கவில்லை. விலையை மட்டும் பார்த்து, குறைந்ததாக இரண்டைச் சொன்னேன். பில் வந்தபோது, நான் மனத்தில் கூட்டி வைத்திருந்த தொகைக்கு மேல் 'சேவைக் கட்டணம்' என்று பத்து விழுக்காடு ஏறியிருந்தது. ஏனென்று கேட்க வாயெடுத்தேன். "பேசாம குடுத்துட்டு வாப்பா" என்றார் அப்பா. கொடுத்தேன். வீடு வந்து சேரும்வரை இருவரும் பேசவில்லை.

பிறந்து வளர்ந்த ஊரிலேயே விருந்தாளியைவிட விவரம் தெரியாதவனாக இருந்தேனே என்ற வருத்தம் நெடுநாள் நீங்கவில்லை. பிறகு விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டவற்றை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன். விடுமுறைக்கு வரும் உறவினர் "உங்கள் ஊரில் எங்கே சாப்பிடலாம்?" என்று கேட்கும்போது நாம் விழிக்காமல் இருக்க இது உதவும்.

வாய்க்காலுக்கு இருபுறம்

புதுவையின் உணவு விடுதிகளை அறிய, முதலில் ஊரின் அமைப்பை அறிதல் வேண்டும். 1674 ஆம் ஆண்டு முதல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கு ஊன்றினர். 1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16 அன்று இணைப்புச் சட்டப்படி நிறைவுற்றது. இடைப்பட்ட காலத்தில் பெரிய வாய்க்கால் ஊரை இரண்டாகப் பிரித்தது. கிழக்கே கடலையொட்டி வெள்ளையர் நகரம். மேற்கே அவர்கள் 'கருப்பர் நகரம்' என்று குறித்த தமிழர் நகரம். இன்று அப்பிரிவினைக்குச் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் உணவு விடுதிகளின் விலைப்பட்டியலில் அந்த வாய்க்கால் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது எனலாம்.

மேற்கே நேரு வீதி, காந்தி வீதி, மிஷன் வீதி ஆகியவற்றிலும் அவற்றின் குறுக்குச் சந்துகளிலும் மெஸ்களும் சைவ, அசைவ ஓட்டல்களும் நிறைந்துள்ளன. இலைச் சாப்பாடு வேண்டுவோர் வர வேண்டிய பகுதி இது. தெற்கே முல்லா வீதியைச் சுற்றியுள்ள இசுலாமியர் பகுதி பிரியாணிக்கும் மாலைநேரச் சிற்றுண்டிக்கும் பெயர் பெற்றது. கிழக்கே துமா வீதி, ரோமன் ரோலன் வீதி, சுய்ஃப்ரேன் வீதி ஆகியவற்றில் பழைய மாளிகைகள் உணவகங்களாக மாறியுள்ளன. சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் இவற்றையே நாடுகின்றனர். கடற்கரைச் சாலையில் காந்தி சிலையை ஒட்டி, முன்னர் துறைமுக அலுவலகமாக இருந்த கட்டடத்தில் 'லெ கஃபே' உள்ளது. அலையோசையைக் கேட்டுக்கொண்டே காபி அருந்தலாம்.

மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகள் ஓடா. அந்நேரம் சுண்டலும் மாங்காய்ப் பத்தையும் மிளகாய் பஜ்ஜியும் வாங்கிக்கொண்டு, கற்களின்மீது அமர்ந்து சாப்பிடுவதற்கு மேசையும் தேவையில்லை, மெனு அட்டையும் தேவையில்லை. ஊரெங்கும் உள்ள பாண்லே பூத்துகளும் நம் போன்ற மாணாக்கருக்குத் துணை. நம் பால் உற்பத்தியாளர்களின் கூட்டுறவு ஒன்றியம் நடத்தும் இவற்றில் பாலும் மோரும் ஐஸ்கிரீமும் நியாய விலையில் கிடைக்கும்.

தொழிலாளரே முதலாளி

நேரு வீதியில் உள்ள இந்தியன் காபி ஹவுஸ் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நாடு முழுவதும் காபி வாரியம் நடத்திவந்த காபி ஹவுஸ்களை 1950களில் மூட முடிவு செய்தபோது, வேலையிழந்த ஊழியர்கள் ஏ. கே. கோபாலன் அவர்களின் தூண்டுதலால் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துத் தாமே அவற்றை ஏற்று நடத்தத் தொடங்கினர். முதல் சங்கம் 1957 ஆகஸ்டில் பெங்களூரில் தோன்றியது. புதுவையிலும் அத்தகைய சங்கம் உண்டு. பரிமாறுபவரும் பங்குதாரர் என்னும் அமைப்பு அது. யான் மார்ட்டெல் 2001 இல் வெளியிட்டு, மறு ஆண்டு புக்கர் பரிசு பெற்ற 'லைஃப் ஆஃப் பை' நாவலில், கதை ஆசிரியரின் காதுக்கு வந்து சேரும் இடம் இந்தக் காபி ஹவுஸ்தான். உலகம் படித்த அந்நாவலின் வாசல் நாம் காபி குடிக்கும் இடம் என்பது நமக்குப் பெருமையன்றோ!

ரொட்டியும் தோசையும் உறவினரே

பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்றவற்றுள் நம் ஊர் மக்கள் விரும்பி ஏற்றுக்கொண்டது அவர்களுடைய நீள ரொட்டி. மாவு, நீர், உப்பு, ஈஸ்ட் என்ற நான்கே பொருள்கள். மேலே முறுகலும் உள்ளே மென்மையும் அதன் இலக்கணம். அதனைச் செய்யும் கைத்திறனையும் அதைச் சூழ்ந்த பண்பாட்டையும் 2022 இல் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது.

வேதியியல் மாணவன் என்ற முறையில் இங்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். ரொட்டியின் மேல்தோல் பழுப்பேறி மணப்பதற்குக் காரணம், சூட்டில் அதன் சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் வினைபுரிவதாகும். இதனை 1912 இல் விளக்கியவர் மயார் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி. வினைக்கும் அவர் பெயரே நிலைத்தது. அதே ஆண்டு நம் பாரதியார் இவ்வூர் வீதிகளில் நடமாடிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுத் தோசைக்கல்லில் தோசை பொன்னிறமானதும் இதே வினையால்தான். புளித்த மாவு, சூடான பரப்பு, முறுகிய தோல் என்ற வகையில் ரொட்டியும் தோசையும் உறவினரே. வாய்க்காலைக் கடந்து செல்லக் கூச்சப்படும் நண்பர்கள் இதனை நினைவிற் கொள்க.

கப்பலேறிய வடவம்

"புதுவைக்கே உரிய உணவு எது?" என்று கேட்டால் பலர் பிரெஞ்சுப் பெயர்களைச் சொல்வர். நான் நம் வீட்டுப் பரணில் இருக்கும் வடவத்தைச் சொல்வேன். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் இடித்து, கடுகு, வெந்தயம், சீரகம், உளுந்து, கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு சேர்த்துப் பிசறி, பகலில் வெயிலில் காயவைத்து, விளக்கெண்ணெய் தொட்டு உருண்டை பிடித்து, மீண்டும் மீண்டும் உலர்த்தி எடுப்பது வடவம். உப்பும் வெயிலும் ஈரத்தை வாங்கிவிடுவதால் கெட்டுப்போகச் செய்யும் நுண்ணுயிர்கள் அதில் பெருக முடிவதில்லை, மாதக்கணக்கில் இருக்கும். மீன்குழம்பை இறக்கும்முன் ஓர் உருண்டையைக் கிள்ளி எண்ணெயில் தாளித்துக் கொட்டினால் தெருவே மணக்கும்.

இந்த வடவம் புதுவைத் தொடர்பால் பிரெஞ்சு நாட்டிற்குச் சென்று 'வதுவான்' என்ற பெயரில் மசாலாவாக வழங்குகிறது. அயல்நாட்டுச் சமையற்கலைஞர்கள் அதனைச் சிறப்புப் பொருளாகப் போற்றுகின்றனர். நம் பாட்டிமார் மொட்டை மாடியில் காக்கை விரட்டிக் காத்த பொருளின் பெயரை உயர்ந்த உணவகத்தின் அட்டையில் கண்டால் அஞ்சாதீர்கள். அது நம் வீட்டுப் பிள்ளைதான். இவ்வாறு இரு சமையல்களும் கலந்த கிரியோல் உணவு, புதுவையின் பழைய பிரெஞ்சுத் தொடர்புக் குடும்பங்களில் இன்றும் வழக்கில் உள்ளது. ஓட்டல்களில் தேடுவதைவிட, அத்தகைய நண்பர் வீட்டில் விருந்துண்ணும் வாய்ப்புக் கிடைத்தால் தவற விடாதீர்கள்.

அட்டையைப் படிக்கும் முறை

அன்று என்னைத் தலைகுனியச் செய்த பெயர்கள் எவையும் கடினமானவை அல்ல. 'கிரெப்' என்பது கோதுமை மாவு, பால், முட்டை கரைத்து மெல்லியதாக ஊற்றும் தோசை. 'ரத்தத்தூய்' என்பது கத்தரிக்காய், தக்காளி, குடைமிளகாய், வெங்காயம் சேர்ந்த காய்கறிக் கூட்டு. 'புயபேஸ்' என்பது மார்செய் துறைமுகத்து மீனவரின் மீன் குழம்பு. 'கீஷ்' என்பது முட்டையும் பாலேடும் ஊற்றி வேகவைத்த மாவுத் தட்டு. 'பிளா து ழூர்' என்றால் இன்றைய சிறப்பு உணவு. 'ஆ லா கார்த்' என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை. நம் இலைச் சாப்பாடு போல எல்லாம் சேர்ந்ததன்று.

மீன் உண்போர் நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள், மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காகக் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. கோடை விடுமுறைக் கூட்டம் வருவதும் அப்போதுதான். வஞ்சிரமும் வவ்வாலும் அரிதாகி விலை ஏறும். வெளியூர் மீன் பனிக்கட்டியில் வந்து சேரும். அந்நாட்களில் சிறு படகுகள் கரையோரம் பிடித்துவரும் மீன் எதுவென்று குபேர் அங்காடி மீன்காரப் பெண்களைக் கேட்டறிந்து, அதனையே உண்பது அறிவுடைமை.

பில்லைப் படிக்கும் முறை

இனி, நான் அன்று கேட்கத் தவறிய கேள்விக்கு வருகிறேன். உணவகப் பில்லில் சட்டப்படி ஏறக்கூடிய வரி சரக்கு மற்றும் சேவை வரி ஒன்றே. சாதாரண உணவகங்களில் அது 5 விழுக்காடு. அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட பெரிய ஓட்டல்களுக்குள் இயங்கும் உணவகங்களில் 18 விழுக்காடு. சேவைக் கட்டணம் என்பது வரியன்று. அரசுக்குப் போவதும் அன்று. உணவகங்கள் அதனைத் தாமாகப் பில்லில் சேர்க்கலாகாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 சூலை 4 அன்று நெறிமுறை வெளியிட்டது. டில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சு மாதம் அதனைச் செல்லுமென உறுதி செய்தது. ஆகவே, பில்லில் அக்கட்டணம் இருந்தால், நீக்கித் தருமாறு பணிவுடன் கேட்கலாம். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண் பில்லில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பதும் 2022 சனவரி முதல் உள்ள விதி.

இது உணவகத்தாரோடு சண்டையிடுவதற்காகச் சொல்லப்படுவதன்று. நம் கல்லூரி நண்பர்கள் சிலரே மாலை வேளைகளில் அங்கே பரிமாறும் பணி செய்து படிப்புச் செலவைப் பார்த்துக்கொள்கின்றனர். அவர்கள் உழைப்புக்கு நாம் மனமுவந்து கொடுப்பதைக் கையில் கொடுக்கலாம். கேட்காமல் பறிக்கப்படுவதற்கும் மகிழ்ந்து கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டையே வலியுறுத்துகிறேன்.

மீண்டும் ஒரு முறை

இவ்வளவும் அறிந்தபின், இவ்வாண்டு பொங்கல் விடுமுறையில் அப்பாவை மீண்டும் அழைத்தேன். "எதுக்குப்பா வீண் செலவு, காபி ஹவுசுக்கே போவோம்" என்றார். வற்புறுத்தி வாய்க்காலுக்குக் கிழக்கே வேறோர் உணவகத்திற்குக் கூட்டிச் சென்றேன். இம்முறை அட்டையை நான் வாசித்துப் பொருள் சொன்னேன். கிரெப் வந்தது. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "முட்டை தோசைதான். கொஞ்சம் உப்பு பத்தல" என்றார். பிறகு சுவரை நிமிர்ந்து பார்த்து, எந்த இடத்தில் பூச்சு சரியில்லை என்று விரலால் காட்டினார்.

பில்லில் சேவைக் கட்டணம் இருந்தது. எடுத்துவிடுமாறு கேட்டேன். மேலாளர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு எடுத்துக் கொடுத்தார். எழும்போது அப்பா சட்டைப் பையிலிருந்து இருபது ரூபாயை எடுத்துப் பரிமாறிய தம்பியின் கையில் வைத்து, "படிக்கிறியாப்பா?" என்று கேட்டார். அன்று வீடு வரும்வரை அவர்தான் பேசிக்கொண்டு வந்தார்.

நண்பர்களே, புதுவையில் எங்கே சாப்பிடலாம் என்பதற்கு என் விடை இதுதான்: வாய்க்காலின் இருபுறமும் சாப்பிடலாம். நம் பெற்றோரையும் உடன் அழைத்துச் செல்வோமாக!