பழைய கம்ப்யூட்டருக்கு 2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு... வாங்கும் முன் இதைப் படிங்க!

பவர் பட்டனை அழுத்திவிட்டு, கிச்சனுக்குப் போய் டீ போட்டு, அதைக் குடித்து முடித்த பிறகுதான் டெஸ்க்டாப் வருகிறதா? அப்படியென்றால் இந்தக் கட்டுரை உங்கள் வீட்டு கம்ப்யூட்டருக்குத்தான்.

2012, 2013 வாக்கில் அசெம்பிள் செய்த சிஸ்டம் பல வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐ3-3220 புராசஸர், ஹெச்61 போர்டு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். அன்றைக்கு அது நல்ல கான்ஃபிகரேஷன். இன்றைக்கு குரோமில் நாலு டேப் திறந்தாலே மவுஸ் நின்று நின்று நகர்கிறது. விஷயம் தெரிந்தவர் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "வீடியோ மெமரி கம்மி. 2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு போட்டுட்டா சும்மா பறக்கும்!"

பெரும்பாலான வீடுகளில் சிஸ்டம் பறக்காது. காசுதான் பறக்கும். ஏன் என்று புரிய, வீடியோ மெமரி என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

*திரைக்கு எவ்வளவு மெமரி வேணும்?*

மானிட்டரில் தெரிவது புள்ளிகளின் கூட்டம். ஃபுல் ஹெச்டி திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். மொத்தம் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600. ஒவ்வொரு புள்ளிக்கும் எந்த நிறம் என்பதைக் குறித்துவைக்க 4 பைட் இடம் வேண்டும். பெருக்கிப் பார்த்தால் சுமார் 8.3 எம்பி. ஆமாம், உங்கள் திரை முழுக்கத் தெரியும் ஒரு படத்துக்குத் தேவை அவ்வளவுதான். இப்படி அடுத்து திரைக்குப் போகவேண்டிய படத்தையும், அதைத் தயாரிக்கத் தேவையான சரக்கையும் வைத்துக்கொள்ளும் இடம்தான் வீடியோ மெமரி.

1987-ல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ-வில் வீடியோ மெமரி 256 கேபி. அதை வைத்துக்கொண்டே 640-க்கு 480 புள்ளிகளை 16 நிறத்தில் காட்டினார்கள். இன்றைக்கு ஒவ்வொரு ஜன்னலுக்கும் விண்டோஸ் தனித்தனிப் படம் வைத்துக்கொள்கிறது, பிரவுசரும் தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. அதனால் சில நூறு எம்பி வரை போகலாம். ஆனால் வேர்டு, எக்செல், ஜிமெயில், வங்கி வேலைக்கெல்லாம் 2 ஜிபி தனி வீடியோ மெமரி என்பது கத்திரிக்காய் வாங்க லாரி பிடிப்பது மாதிரி. கேம் கதையே வேறு. அங்கே சுவர், முகம், மரம் என எல்லாவற்றின் படமும் உயர்ந்த தரத்தில் மெமரியில் இருக்க வேண்டும்.

*"ஆனா 32 எம்பி-னு காட்டுதே?"*

பலரையும் பயமுறுத்துவது இந்த எண்தான். டிஸ்பிளே செட்டிங்ஸில் அடாப்டர் பிராப்பர்ட்டீஸ் திறந்தால், 'டெடிகேட்டட் வீடியோ மெமரி' என்ற இடத்தில் 32 எம்பி, 64 எம்பி, 128 எம்பி என்று ஏதாவது இருக்கும். பார்த்ததும் "அய்யோ, இவ்ளோதானா!" என்று தோன்றும்.

ஐ3-3220 போன்ற புராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் பகுதியும் இருக்கிறது. அதைத்தான் கடைகளில் ஆன்போர்டு கிராபிக்ஸ் என்கிறார்கள். அதற்கென்று தனி மெமரி கிடையாது, சிஸ்டம் ராமிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அந்த 32 எம்பி என்பது ஆன் ஆகும்போதே ஒதுக்கிவைக்கும் தொகை மட்டுமே. அதற்குமேல் தேவைப்பட்டால் 'ஷேர்டு' என்ற கணக்கில் ராமிலிருந்து எடுக்கும், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடும். அதே ஜன்னலில் மொத்தம் எவ்வளவு எடுக்கலாம் என்ற எண்ணும் இருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும்.

ரெஜிஸ்ட்ரியில் ஒரு எண்ணை மாற்றினால் வீடியோ மெமரி 512 எம்பி ஆகிவிடும் என்று சொல்லும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். திரையில் தெரியும் எண் மாறுவது உண்மைதான். "குறைந்தது இவ்வளவு வேண்டும்" என்று அடம்பிடிக்கும் சில கேம்களை ஏமாற்ற அது உதவும். நிஜ மெமரி ஒரு பைட் கூடக் கூடாது. பயாஸில் ஒதுக்கீட்டை உயர்த்துவதும் வெறும் 4 ஜிபி ராம் உள்ள சிஸ்டத்தில் விபரீதம். கிராபிக்ஸுக்கு ஒதுக்கியது போக மிச்சம்தான் விண்டோஸுக்கு.

*2 ஜிபி லேபிள் சொல்லாத விஷயம்*

சரி, தனி கார்டு வாங்கினால் என்ன? பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் 2 ஜிபி என்பது தொட்டியின் கொள்ளளவு. குழாய் எவ்வளவு பெரிது என்பதை அது சொல்லாது.

என்விடியாவின் ஜிடி 1030 இதற்குச் சரியான உதாரணம். அதே பெயரில், அதே 2 ஜிபி-யில் இரண்டு வகை விற்பனைக்கு வந்தன. ஜிடிடிஆர்5 மெமரி உள்ளதில் விநாடிக்கு 48 ஜிபி டேட்டா போய்வரும். பிறகு வந்த டிடிஆர்4 வகையில் 16.8 ஜிபிதான். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு! பெட்டியின் ஓரத்தில் இருக்கும் சின்ன எழுத்தைப் படிக்காதவருக்கு இரண்டும் ஒரே கார்டு.

அதற்கும் கீழே ஜிடி 710. இதன் டிடிஆர்3 வகையில் விநாடிக்கு 14.4 ஜிபி. ஒப்பிட்டால், உங்கள் பழைய போர்டில் 1600 வேக டிடிஆர்3 ராம் ஒன்று இருந்தாலே 12.8 ஜிபி. அதேபோல் இன்னொன்றைச் சேர்த்து இரண்டாகப் போட்டால் 'டுயல் சேனல்' முறையில் 25.6 ஜிபி. அந்த ராம், கார்டைவிட அகலமான குழாய்! புராசஸரும் கிராபிக்ஸும் அதைப் பங்குபோட்டுக்கொள்கின்றன என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு ராம் வாங்கும் காசில் சிஸ்டம், கிராபிக்ஸ் இரண்டுக்குமே லாபம்.

*அப்போ எதுதான் ஸ்லோ?*

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். சிஸ்டம் திணறும்போதே அதைத் திறந்து பாருங்கள். சிபியு 20 சதவீதம், ஆனால் டிஸ்க் 100 சதவீதம் என்று இருக்கிறதா? குற்றவாளி ஹார்டு டிஸ்க். மெமரி 90-ஐத் தாண்டியிருக்கிறதா? ராம் போதவில்லை. பல வீடுகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கும், அதற்குக் காரணமும் உண்டு. ராம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்து எடுக்கிறது. இருப்பதிலேயே மெதுவான இடத்தை ராம் மாதிரி பயன்படுத்தினால் மவுஸ் நிற்காமல் என்ன செய்யும்?

ஜிபியு என்ற கட்டம் உங்களுக்கு வரவில்லை என்றால் பதற வேண்டாம். 2017 இறுதியில்தான் விண்டோஸ் 10-ல் அது சேர்ந்தது, இவ்வளவு பழைய கிராபிக்ஸ் டிரைவருக்கு அது காட்டாது.

ஹார்டு டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி. வேண்டிய இடம் முள்ளுக்குக் கீழே வரச் சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும். முள் நகரும் நேரத்தையும் சேர்த்தால், ஓர் இடத்தைத் தேடி எடுக்க 12 மில்லிவிநாடி போல ஆகும். அதாவது விநாடிக்கு 80 சில்லறை வேலைகள்தான். விண்டோஸ் ஆன் ஆகும்போது இப்படி ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைக் கேட்கிறது. டீ டைம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? எஸ்எஸ்டியில் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை. அதே வேலை பெரும்பாலும் 0.1 மில்லிவிநாடியில் முடியும்.

*முதல்ல போட்டோ, அப்புறம்தான் ஸ்பீடு*

வேகத்தைத் தொடும் முன் ஒன்று. நன்றாக ஓடிக்கொண்டிருந்த சிஸ்டம் சில வாரங்களில் திடீரென மெதுவாகியிருந்தால், அந்த ஹார்டு டிஸ்க் சாகப்போகிறது என்பதற்கான அறிகுறியாகவும் இருக்கலாம். கெட்டுப்போன இடத்தைப் படிக்க டிஸ்க் திரும்பத் திரும்ப முயலும், அதுதான் நமக்கு 'ஹேங்' ஆகத் தெரியும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரை ஓட்டினால் நீலத்தில் 'குட்' என்று வர வேண்டும். மஞ்சளில் 'காஷன்' வந்தாலோ, டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தாலோ, டீஃப்ராக், வைரஸ் ஸ்கேன் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். அக்கா கல்யாண போட்டோ, சான்றிதழ் ஸ்கேன், பாப்பாவின் முதல் பிறந்தநாள் வீடியோ... முதலில் இவற்றை வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். கடைக்காரர் "ஃபார்மட் அடிச்சுரலாமா?" என்று கேட்கும்போது யோசிக்காமல் தலையாட்டி, எல்லாவற்றையும் இழந்தவர்கள் எத்தனையோ பேர்.

காப்பி எடுத்தாச்சா? இனி எஸ்எஸ்டி. 240 அல்லது 256 ஜிபி போதும். சாட்டா வகையாகக் கேளுங்கள், எம்.2 குச்சி இந்தப் போர்டில் சேராது. பெட்டியில் விநாடிக்கு 550 எம்பி என்று போட்டிருக்கும். ஹெச்61 போர்டின் சாட்டா போர்ட்டில் 300-ஐத் தாண்டாது. அது பரவாயில்லை, நமக்கு லாபம் தேடும் நேரத்தில்தான். புதிதாக ஓஎஸ் போடும் முன் பயாஸில் சாட்டா மோடு 'ஏஹெச்சிஐ' என்று இருக்கிறதா எனப் பார்த்துவிடுங்கள். பழைய ஹார்டு டிஸ்க் 'குட்' காட்டினால் சினிமா, பாட்டு வைக்க அப்படியே இருக்கட்டும்.

அடுத்து ராம். டாஸ்க் மேனேஜரில் மெமரியைத் தொட்டால் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். 2-ல் 1 என்றால் இன்னொரு 4 ஜிபி போட்டு 8 ஆக்குங்கள். டிடிஆர்3 போர்டில் டிடிஆர்4 நுழையாது. ஆன்லைனில் ரொம்ப மலிவாக 8 ஜிபி டிடிஆர்3 கண்ணில் பட்டால் விவரத்தைக் கடைசிவரை படியுங்கள், 'ஏஎம்டி போர்டுக்கு மட்டும்' என்று எங்கோ எழுதியிருக்கும். இன்டெல் போர்டில் அது வேலை செய்யாது. ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்தில் செகண்ட் ஹேண்ட் வாங்கினால், பழைய ராமைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

*யூடியூப் மட்டும் திணறுதா?*

அதற்கும் மெமரி காரணமில்லை. யூடியூப் பெரும்பாலும் விபி9, ஏவி1 என்ற முறைகளில் வீடியோவைச் சுருக்கி அனுப்புகிறது. அதைப் பிரிக்கும் வசதி 2012-ன் கிராபிக்ஸில் இல்லை, அதனால் முழு பாரமும் புராசஸர் தலையில். இதற்காக ஜிடி 710 வாங்கினால் பரிதாபம், அதற்கும் விபி9 தெரியாது! ஹெச்264இஃபை என்ற இலவச எக்ஸ்டென்ஷனை குரோமில் சேர்த்தால், பழைய சிப்புக்குத் தெரிந்த ஹெச்.264 முறையிலேயே வீடியோ வரும். 1080 வரை பார்க்கலாம், 4கே கிடைக்காது.

கேம், வீடியோ எடிட்டிங், 3டி என்று இறங்குபவர்களுக்குத் தனி கார்டு அவசியம்தான். ஆனால் அதற்கு இந்த ஐ3-யும் பத்து வருட எஸ்எம்பிஎஸ்-உம் ஈடுகொடுக்காது. அந்தக் காசைப் புது சிஸ்டத்துக்குச் சேர்த்துவைக்கலாம்.

கடைசியாக, ஓஎஸ். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி போட இன்டெல்லில் எட்டாம் தலைமுறை வேண்டும், ஐ3-3220 மூன்றாம் தலைமுறை. பிரவுசர், மெயில், பிடிஎஃப் மட்டும் போதும் என்றால் எஸ்எஸ்டியில் லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்கள். பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்துவிட்டே முடிவு செய்யலாம், பழைய டிஸ்க்கைத் தொடாது. டேலி மாதிரி விண்டோஸ் கேட்கும் சாஃப்ட்வேர் இருந்தால் விண்டோஸ் 10 இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அதில் நெட் பேங்கிங் வேண்டாம், அதைப் போனிலேயே செய்யுங்கள்.