தேடினால் முதலில் வருவது யார்?

"மயில் என்ன சாப்பிடும்?" என்று கூகுளில் தட்டுகிறீர்கள். கண் இமைப்பதற்குள் விடைகள் வரிசைகட்டி நிற்கின்றன. அந்த ஒரு நொடியில் உலகத்து இணையப் பக்கங்களை எல்லாம் அது புரட்டிப் பார்த்துவிட்டதா? இல்லை. புரட்டும் வேலை முன்னாலேயே முடிந்துவிட்டது.

தேடுபொறிகளிடம் 'கிராலர்' என்ற நிரல்கள் உண்டு. 'சிலந்தி' என்றும் சொல்வார்கள். சிலந்தி ஒரு பக்கத்தைப் படிக்கும். அதில் வேறு பக்கத்துக்கு இணைப்பு இருந்தால் அங்கே போய் அதையும் படிக்கும். இரவும் பகலும் இதே வேலைதான். படித்ததில் எந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பட்டியல் போட்டு வைக்கும். பெரிய நூல்களின் கடைசியில் சொல்லடைவு இருக்குமே, அது மாதிரி. நீங்கள் தேடும்போது கூகுள் பார்ப்பது இந்தப் பட்டியலைத்தான்.

'மயில்' என்ற சொல் உள்ள பக்கங்கள் ஏராளம். அவற்றில் எதை முதலில் காட்டுவது? சிக்கலே அங்கேதான்.

1990களில் இருந்த தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்தில் உள்ள சொற்களையே நம்பின. தேடிய சொல் அதிக முறை வந்தால் அந்தப் பக்கம் மேலே போகும். இதைத் தெரிந்துகொண்ட சிலர் தந்திரம் செய்தார்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரே சொல்லை நூறு தடவை எழுதி வைத்தார்கள். மனிதர் கண்ணுக்குத் தெரியாது; சிலந்திக்குத் தெரியும். பக்கம் ஜம்மென்று மேலே ஏறிவிடும்!

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜ், செர்ஜி பிரின் என்ற இரண்டு மாணவர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். ஓர் ஆய்வுக் கட்டுரையை மற்ற விஞ்ஞானிகள் தங்கள் கட்டுரைகளில் அடிக்கடி எடுத்துக்காட்டினால் அது முக்கியமானது என்று கொள்வது வழக்கம். இணையப் பக்கத்தையும் அப்படியே அளந்தால் என்ன? தன்னைப் பற்றித் தானே என்ன சொல்கிறது என்பதை விட்டுவிட்டு, மற்றவர்கள் அதற்கு இணைப்புக் கொடுக்கிறார்களா என்று பார்க்கலாமே! இந்தக் கணக்குக்குப் 'பேஜ்ரேங்க்' என்று பெயர். இதை வைத்துத்தான் 1998இல் கூகுள் நிறுவனம் தொடங்கியது.

அந்தக் கணக்கின் எளிய வடிவத்தை நாமே போட்டுப் பார்க்கலாம். தாளில் மூன்று வட்டம் வரைந்து மயில், குயில், கிளி என்று எழுதுங்கள். மூன்றும் மூன்று இணையப் பக்கங்கள். இனி அம்புகள். மயில் பக்கம் குயிலுக்கும் கிளிக்கும் இணைப்புக் கொடுக்கிறது. குயில் கிளிக்குக் கொடுக்கிறது. கிளி மயிலுக்குக் கொடுக்கிறது.

ஒவ்வொரு பக்கத்துக்கும் 100 மதிப்பெண் கொடுத்துத் தொடங்குங்கள். விதி ஒன்றுதான்: ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கம் தன் மதிப்பெண் முழுவதையும் தான் அம்பு காட்டும் பக்கங்களுக்குச் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்துவிட வேண்டும்.

முதல் சுற்று முடிந்ததும் மயிலுக்கு 100, குயிலுக்கு 50, கிளிக்கு 150. இரண்டாவது சுற்றில் மயிலுக்கு 150, குயிலுக்கு 50, கிளிக்கு 100. இப்படியே தொடர்ந்தால் எண்கள் ஏறி இறங்கி, மெல்ல மெல்ல மயில் 120, குயில் 60, கிளி 120 என்ற நிலையை நெருங்கும்.

கவனித்தீர்களா? மயிலுக்கு வருவது ஒரே ஓர் அம்பு. குயிலுக்கும் ஒன்றுதான். ஆனால் மயிலுக்கு இரண்டு மடங்கு மதிப்பெண்! காரணம், கிளி தன்னிடம் உள்ளதை முழுசாக மயிலுக்கே தருகிறது. குயிலுக்குக் கிடைப்பதோ மயிலின் பாதிப் பங்குதான். எத்தனை பேர் காட்டுகிறார்கள் என்பது மட்டும் கணக்கில்லை. காட்டுகிறவர் யார், அவர் எத்தனை பேரைக் காட்டுகிறார் என்பதும் சேரும்.

இன்றைய கூகுள் இன்னும் பலவற்றைப் பார்க்கிறது: தேடுகிறவர் எந்த ஊரில் இருக்கிறார், பக்கம் எவ்வளவு புதியது, கைபேசியில் ஒழுங்காகத் தெரிகிறதா, வேகமாகத் திறக்கிறதா என்றெல்லாம்.

உங்கள் பள்ளி அறிவியல் மன்றம் ஓர் இணையப் பக்கம் தொடங்குகிறது என்று வையுங்கள். அது மற்றவர் கண்ணில் பட என்ன செய்யலாம்? தலைப்பில் விஷயம் தெரிய வேண்டும். 'எங்கள் பக்கம்' என்பதைவிட 'பள்ளித் தோட்டத்தில் நாங்கள் பார்த்த வண்ணத்துப்பூச்சிகள்' என்பது மேல். ஒவ்வொரு படத்துக்கும், அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள்.

எழுத்து, தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறிகள் உள்ள யூனிகோடு முறையில் இருக்கட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் திரையில் அம்மாதான் தெரியும். ஆனால் கணினிக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற குறிகள். சிலந்தி படிப்பது அந்தக் குறிகளைத்தான். அம்மாவைத் தேடுகிறவர் கையில் அந்தப் பக்கம் எப்படிச் சிக்கும்?

எல்லாவற்றுக்கும் மேலாக, வேறு எங்கும் கிடைக்காததை எழுதுங்கள். உங்கள் தோட்டத்துப் பூச்சியை நீங்கள்தானே பார்த்தீர்கள்! பயனுள்ளதாக இருந்தால் மற்றவர்கள் தாமாகவே இணைப்புக் கொடுப்பார்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். முதலில் வந்தது என்பதாலேயே ஒரு செய்தி உண்மையாகிவிடாது. வரிசையின் உச்சியில் விளம்பரக் குறிப்போடு வருபவை காசு கொடுத்து இடம் பிடித்தவை. இரண்டு மூன்று பக்கங்களை ஒப்பிட்டுப் பார்த்தபின் நம்புங்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு புதிர். குயில் தன் மதிப்பெண்ணை உயர்த்த 'ஆந்தை' என்று ஒரு போலிப் பக்கத்தைத் தானே உருவாக்குகிறது. அதற்கும் 100 மதிப்பெண். ஆந்தையின் ஒரே அம்பு குயிலை நோக்கி. ஆந்தைக்கோ யாரும் அம்பு காட்டவில்லை. முதல் சுற்றில் குயில் 150க்குத் துள்ளிக் குதிக்கும். இரண்டாவது சுற்றில் என்ன ஆகும்? பென்சிலை எடுத்துப் போட்டுப் பாருங்கள். கடைசியில் குயில் மயிலை முந்துகிறதா?